பின்னால் ஓர் அறை இழுப்பதா, மாடி எடுப்பதா? ஆறு பேருக்கு இடம் போதவில்லை

முற்றம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

எங்கள் வீடு தரைத்தளம் மட்டும்தான். சுமார் 950 சதுர அடி, கட்டி 22 வருடம் ஆகிறது. முன்னால் வலது பக்கம் 8 அடி ஆழத்துக்கு வராண்டா, அடுத்து 15-க்கு 13 ஹால், அதற்குப் பின்னால் 12-க்கு 13 சமையலறை. இடது பக்கம் வரிசையாக இரண்டு படுக்கையறை, கடைசியில் குளியலறையும் கழிப்பறையும். நானும் மனைவியும் ஒரு அறை, இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு அறை என்று இத்தனை நாள் ஓடியது. போன வருடம் அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது, படி ஏற முடியாது. இரண்டு பேரும் ஹாலில்தான் படுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் பெரியவள் படிக்க ஹால் மேஜை விளக்கைப் போட்டால், அப்பா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதைப் பார்த்துவிட்டு அவள் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். இதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் 18 அடி ஆழத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. கடைசி எல்லையிலிருந்து 5 அடி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது, ஆக 13 அடி மிச்சம். மனதில் மூன்று வழி இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் ஒட்டி 12-க்கு 10 அறை ஒன்று கட்டுவது, இல்லையென்றால் மாடி எடுப்பது, அதுவும் இல்லையென்றால் முன் வராண்டாவை மூடி அறையாக்குவது. மேஸ்திரி வந்து பார்த்தார். மேலே கம்பி விட்டுத்தானே வைத்திருக்கிறது, மாடி எடுத்தால் முழு வீடே இன்னொன்று கிடைக்கும், தரையில் கட்டுவது இடத்தை வீணாக்குவது என்கிறார். மனைவிக்குப் பின்னால் கட்டுவதில் விருப்பம்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? கட்டி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தூக்குக்குண்டு

கம்பி விட்டிருக்கிறது என்பதை மட்டும் நம்பி மாடிக்குப் போகாதீர்கள். இதைத்தான் முதலில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நான் சைட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க வேண்டும் என்று கூப்பிடுகிற பாதிப் பேர் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கம்பியைத்தான் காட்டுவார்கள். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், எவ்வளவு அகலம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 22 வருடம் மழையிலும் வெயிலிலும் நின்ற கம்பியை ஒரு தடவை கையால் உருவிப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் உள்ளே கம்பியின் கனம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்புறம் நீளம். புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு ஒட்டிக் கட்ட, கம்பியின் விட்டத்தைப்போல் 40 முதல் 50 மடங்கு வரை இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். 12 மிமீ கம்பிக்கு அது ஏறக்குறைய 2 அடி. ஒரு அடிதான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தக் கம்பியை நம்பி எதுவும் செய்ய முடியாது. வேறு முறைகள் உண்டு, ஆனால் அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை.

எடை எவ்வளவு கூடுகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஒரு ஒன்பது இன்ச் செங்கல் சுவர் பூச்சு இல்லாமலேயே சுமார் 4 டன். 12-க்கு 10 அறையின் மேல் 5 இன்ச் கான்கிரீட் தளம் சுமார் மூன்றரை டன். ஆக நாலு சுவரும் ஒரு தளமும் உள்ள ஒரே ஒரு அறை, ஜன்னல் கதவுக்கான இடத்தைக் கழித்த பிறகும் 15 டன்னுக்கு மேல் போகும். மேஸ்திரி சொல்வது ஒரு அறை இல்லை, முழு வீடு. அத்தனையும் 22 வருடத்துக்கு முன் போட்ட அஸ்திவாரத்தின் தலையில்தான் இறங்கும். சுவருக்கு எடை குறைந்த பிளாக் வைத்தால் செங்கலில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், ஆனால் தளத்தின் எடையை அப்படிக் குறைக்க முடியாது.

அதனால் எனக்கு இரண்டு விவரம் வேண்டும். வீடு பில்லர், பீம் போட்டுக் கட்டியதா, சுவரே சுமை தாங்குகிற மாதிரி கட்டியதா? பழைய ட்ராயிங் ஏதாவது இருக்கிறதா? ட்ராயிங் இல்லையென்றால் வீட்டு ஓரத்தில் ஒரு இடத்தில் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி குழி எடுத்துப் பார்த்துவிடலாம். அஸ்திவாரத்தின் அடிமட்டம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே ஒரு இன்ச்கூடத் தோண்டக் கூடாது. மழைக்காலத்தில் குழியைத் திறந்து போட்டுவிட்டுப் போகவும் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அப்பா படி ஏற முடியாது என்கிறீர்கள். மாடி எடுத்தால் நீங்களும் பிள்ளைகளும்தான் மேலே போக வேண்டும், இரவில் அவர் கூப்பிட்டால் யார் காதில் விழும் என்பதையும் யோசியுங்கள். படிக்கட்டுக்கும் இடம் போகும். 10 அடி உயரம் ஏற, 7 இன்ச் உயரப் படி என்றால் 17 ஏற்றம். நடுவில் திரும்பி ஏறுகிற மாதிரி வைத்தால் ஆறரைக்குப் பத்தடி இடம் வேண்டும். கீழே ஏறக்குறைய 65 சதுர அடி, மேலேயும் அதே அளவு. படி வீட்டுக்குள் வந்தால் உங்கள் ஹாலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஜன்னலோரம்

நான் இன்ஜினியர் இல்லை. நீங்கள் செய்ய நினைக்கிற அதே வேலையை ஆறு வருடத்துக்கு முன்னால் செய்தவள், அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கும் சமையலறைக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. ஒட்டி ஒரு அறை கட்டினோம். அறை நன்றாக வந்தது, காற்றும் வெளிச்சமும் உண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் சமையலறைக்கு இருந்த ஒரே பெரிய ஜன்னல் பின்பக்கம்தான் இருந்தது. புது அறை வந்ததும் அந்த ஜன்னல் புது அறைக்குள் திறக்கிற ஜன்னலாகிவிட்டது. காலை பதினொரு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் அரிசியில் கல் பார்க்கிறேன். தாளிக்கிற புகை வெளியே போவதற்குப் பதிலாகப் புது அறைக்குள் போய்ப் படுக்கை விரிப்பில் ஏறிக்கொள்கிறது. பிறகு அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம், சமையலறை இன்னும் இருட்டாகிவிட்டது. கூடுதலாக ஒரு அறை கிடைத்தது உண்மை, ஆனால் ஏற்கெனவே நன்றாக இருந்த ஒரு அறையைக் கெடுத்துத்தான் அது கிடைத்தது.

வழிதான் அதைவிடப் பெரிய தொல்லை. புது அறைக்குப் போக வேண்டுமென்றால் சமையலறைக்குள்தான் நடக்க வேண்டும். நீங்களும் சமையலறையை ஒட்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. அப்பா இரவில் மூன்று தடவை எழுந்து கழிப்பறைக்குப் போவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை முழுவதும் கடந்து, ஹாலுக்கு வந்து, அங்கிருந்து கழிப்பறைக்குப் போக வேண்டும். தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால்? அப்புறம், ஆள் நடக்கிற பாதையில் மேஜையோ அலமாரியோ எதுவும் வைக்க முடியாது. 3 அடி அகலப் பாதை 12 அடி நீளம் ஓடினால் 36 சதுர அடி போச்சு. அது உங்கள் சமையலறையிலிருந்துதான் போகும்.

அதனால் முதலில் அறையை வரையாதீர்கள், நடக்கிற வழியை வரையுங்கள். ஆறு பேரும் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துக் கோடு போட்டுப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் எங்களுக்கு மேலிருந்து கீழே வரை விரிசல் விட்டது. இரண்டு தடவை பூசியாகிவிட்டது, ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் மறுபடி திறக்கிறது. ஏன் என்று தூக்குக்குண்டு சார் சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.

தூக்குக்குண்டு

சொல்கிறேன் அம்மா. உங்கள் பழைய வீடு கட்டிய சில வருடங்களில் மண்ணில் எவ்வளவு அமர வேண்டுமோ அவ்வளவு அமர்ந்து முடித்துவிட்டது. புது அறை அப்போதுதான் அமர ஆரம்பிக்கும். ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். இரண்டையும் ஒரே சுவராக இழுத்துப் பூசிவிட்டால் பூச்சுதான் கிழியும், வேறு வழியே இல்லை. முதல் சில வருடங்களுக்குப் பிறகும் வெயிலுக்கு நீள்வது, மண் ஈரமானால் உப்புவது, காய்ந்தால் சுருங்குவது என்று அசைவு இருந்துகொண்டே இருக்கும்.

அதற்குச் சரியான வழி, புது அறையைத் தனி அஸ்திவாரத்தில், தன் சொந்தச் சுவர்களில் நிறுத்தி, பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே சுமார் ஒரு இன்ச் இடைவெளியை வேண்டுமென்றே விட்டு, அதில் அமுங்கிக் கொடுக்கிற பொருளை அடைத்து, மேலே பட்டை வைத்து மூடுவது. உங்கள் வீட்டில் இப்போது செய்யக்கூடியது, விரிசலை நேர்கோடாக வெட்டித் திறந்து, சிமெண்ட் வைக்காமல் ரப்பர்போல் இழுபடுகிற சீலண்ட் பசை வைத்து, மேலே ஒரு பட்டையை ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்து மூடுவது. இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் பட்டையும் பிடுங்கிக்கொள்ளும். அதற்கு முன்னால் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி, ஆறு மாதம் கவனியுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ, ஒரு பக்கம் அகலமாகிக்கொண்டே போனாலோ பூச்சு வேலையை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முற்றம்

ஜன்னலோரம் அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எழுந்துபோய்ச் சமையலறையில் நின்று பார்த்தேன். எங்களுக்கும் பெரிய ஜன்னல் பின்பக்கம்தான். வலது பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது, அங்கே பக்கத்துச் சுவர் வரை 4 அடி இடைவெளி. குளியலறை, கழிப்பறை இரண்டுக்கும் வென்டிலேட்டர் பின்பக்கம்.

தூக்குக்குண்டு சார் கேட்ட விவரம். பில்லர் கிடையாது, எல்லாம் ஒன்பது இன்ச் சுவர், சுவர் மேல் தளம். ட்ராயிங் கிடைக்கவில்லை. நாளை மறுநாள் ஆள் வைத்துக் குழி எடுத்துப் பார்க்கிறேன். கம்பியைப் போய்த் தொட்டேன், நீங்கள் சொன்ன மாதிரி துரு கையோடு வந்தது, நீளமும் ஒரு சாண்தான். சுவர் தாங்குகிற வீட்டில் அந்தக் கம்பி எதற்கு என்றும் இப்போது புரியவில்லை, மூலையில் மட்டும்தான் இருக்கிறது. மாடி யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

வராண்டாவை மூடுவது பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

அளவுநாடா

வராண்டா 8 அடி ஆழம்தானே. கட்டில் போட்டால் நடக்க இடம் கிடைக்காது, அதோடு வாசல் வழியும் அதில்தான். அதைத் தொடாதீர்கள், மழைச் சாரலுக்கும் செருப்புக்கும் வீட்டுக்கு ஓர் இடம் வேண்டும்.

நான் ப்ளான் வரைகிற வேலை செய்கிறேன். நீங்கள் கொடுத்த அளவை வைத்து நேற்று இரவு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது இது. பின்னால் படுக்கையறை கட்ட வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? பின்னால் போக வேண்டியது சமையலறை.

விளக்குகிறேன். இப்போதைய சமையலறை 12-க்கு 13. அதில் குளியலறைச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு ஒரு நடையை விட்டுவிட்டு நாலரை இன்ச் தடுப்புச் சுவர் வைத்தால், வலது பக்கம் ஒன்பதரைக்கு 12 அறை கிடைக்கும். 114 சதுர அடி. இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு கட்டில், ஒரு நீள மேஜை போடலாம், படிக்கிற பிள்ளைக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. அவர்களின் இப்போதைய அறை, அதாவது நடுப் படுக்கையறை, பெரியவர்களுக்கு. அங்கிருந்து கழிப்பறை பத்து எட்டுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா நடக்கிற தூரம் குறையும், சமையலறையைக் கடக்க வேண்டிய வேலையும் இல்லை.

சமையலறையும் சாப்பாட்டு மேஜையும் பின்னால் புதுக் கட்டடத்துக்குப் போகின்றன. இங்கேதான் ஒரு விஷயம். ஒட்டிக் கட்டாதீர்கள். உங்களிடம் 13 அடி இருக்கிறது, அதில் பழைய சுவரிலிருந்து மூன்றரை அடி திறந்த வெளியாக விடுங்கள். மிச்சம் ஒன்பதரை அடி. சுவர் இரண்டையும் கழித்தால் உள்ளே 8 அடி. அகலவாட்டில் 16 அடி எடுத்தால் 16-க்கு 8 சமையலறை, ஒரு கோடியில் சாப்பாட்டு மேஜை. ஒரே பக்கம் 2 அடி மேடை போட்டால் நிற்கவும் நடக்கவும் 6 அடி மிஞ்சும், தாராளம். பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே அந்த 3 அடி நடைக்கு மட்டும் மேலே கூரை. மற்றபடி நடுவில் வானம் தெரியும். பிள்ளைகள் அறைக்குப் பின் ஜன்னல் அப்படியே இருக்கும், குளியலறை வென்டிலேட்டர் அப்படியே இருக்கும், சமையல் புகையும் சத்தமும் படுக்கையறைக்கு வராது.

உங்கள் பின் கதவு சமையலறைச் சுவரில் எந்தப் பக்கம் இருக்கிறது? குளியலறைப் பக்கம் என்றால் அதுவே நடையின் முடிவு, சுவர் எதையும் உடைக்க வேண்டாம்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இது தெரியாது. 12-க்கு 10 அறையை நாலு பக்கமும் சொந்தச் சுவரோடு கட்டினால் வெளி அளவு பதின்மூன்றரைக்குப் பதினொன்றரை, அதாவது 155 சதுர அடி. நீங்கள் கட்டுவது 155, புழங்குவது 120, சுவர் சாப்பிடுவது 35. சின்னச் சின்னதாக நிறைய அறை கட்டினால் இந்த நஷ்டம் இன்னும் கூடும். ஒப்பந்தக்காரர் சதுர அடிக் கணக்குச் சொல்லும்போது அது வெளி அளவா உள் அளவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதை நம்ப வேண்டாம், தரையில் போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பொடியோ சாக்கட்டியோ எடுத்துப் பின்னால் முழு அளவில் கோடு போட்டு, மேடை இருக்கும் இடத்தில் இரண்டு பலகையை வைத்து, மனைவியை அங்கே நின்று பார்க்கச் சொல்லுங்கள். தாளில் 8 அடி என்பது ஒரு எண் மட்டும்தான், அடுப்பில் வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் தண்ணீர்க் குடத்தோடு கடக்க முடிகிறதா என்பது தரையில்தான் தெரியும்.

குழாயடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஒன்றே ஒன்று. பின்பக்கம் என்றாலே எல்லார் வீட்டிலும் கழிவுநீர்க் குழாயும் சேம்பரும் (அடைப்பு வந்தால் திறந்து சுத்தம் செய்கிற மூடி போட்ட தொட்டி) அங்கேதான் இருக்கும். மூடி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள், மண் மூடியிருந்தால் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். சேம்பர் மேல் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டு, நாலு வருடம் கழித்து அடைத்துக்கொண்டதும் சமையலறைத் தரையை உடைத்த வீட்டில் நான் வேலை செய்திருக்கிறேன். அந்த அம்மா பாத்திரத்தையெல்லாம் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு அழுதார்.

4 இன்ச் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி சரிவு வைத்தால் நன்றாக ஓடும். குழாயின் இடத்தை மாற்றும்போது அந்தச் சரிவு கிடைக்கிறதா என்று மட்டம் பார்த்துவிட்டுத்தான் தளமட்டத்தை முடிவு செய்ய வேண்டும், தரை போட்ட பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. அளவுநாடா அண்ணன் சொன்ன திறந்த வெளி எனக்குப் பிடித்திருக்கிறது, சேம்பரை அதற்குள் கொண்டுவந்துவிடலாம், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் அங்கே விழுகிற மழைத் தண்ணீருக்குத் தனி வடிகால் கொடுங்கள், கழிவுநீர் சேம்பருக்குள் விடாதீர்கள். அந்த வெளியின் தரை இரண்டு பக்கக் கட்டடத் தரையையும்விடக் குறைந்தது 6 இன்ச் கீழே இருக்க வேண்டும்.

முற்றம்

மூன்று நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். இங்கே நிறைய நடந்துவிட்டது.

குழி எடுத்தோம். அஸ்திவாரம் மூன்றே கால் அடி ஆழம், கருங்கல், அடியில் இரண்டடி அகலம். சேம்பர் மூடியும் கிடைத்தது, பழைய சுவரிலிருந்து 5 அடி தள்ளி, செடிக்கு அடியில் புதைந்திருந்தது. 12-க்கு 10 அறையை ஒட்டிக் கட்டியிருந்தால் சரியாகக் கட்டிலுக்கு அடியில் வந்திருக்கும். குழாயடி தம்பிக்கு மிகவும் நன்றி.

பின் கதவு குளியலறைப் பக்கம்தான் இருக்கிறது அண்ணா! நீங்கள் கேட்டதைப் படித்ததும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன், தினமும் நடக்கிற கதவு, ஆனாலும் போய்ப் பார்க்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கட்டியால் கோடு போட்டோம். பிள்ளைகள் இரண்டு பேரும் நாடாவைப் பிடித்தார்கள். மனைவி கோட்டுக்குள் நின்று, இங்கே அடுப்பு, இங்கே தொட்டி என்று கை காட்டிக்கொண்டே போனவள், மேஜையை மட்டும் கோடிக்குப் பதிலாக நடையை ஒட்டி வைக்கச் சொன்னாள். அம்மாவால் சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நீள நடக்க முடியாதாம். சரிதான் என்று பட்டது. அப்பா நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அந்த மூன்றரை அடி வெளியில் போட்டு உட்கார்ந்துவிட்டார், காலை வெயில் அங்கே விழுகிறது. எனக்குக் காலை நேரத்துக்கு இது போதும் என்றார். இத்தனை மாதத்தில் அவர் தனக்கென்று ஒன்று கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆக அளவுநாடா அண்ணன் சொன்ன மாதிரியே முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். வேலை நடக்கும்போது ஆறு பேரும் இதே வீட்டில்தான் இருக்க வேண்டும், எந்த வரிசையில் செய்தால் கஷ்டம் குறையும்? பணத்தை ஒப்பந்தக்காரருக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

தூக்குக்குண்டு

நல்ல முடிவு. புது அஸ்திவாரம் பழையதிலிருந்து மூன்றரை அடி தள்ளி வருவதால் பழைய கடைக்காலுக்குப் பக்கத்தில் தோண்டுகிற ஆபத்து பெரும்பாலும் இல்லை. ஆனாலும் பழைய ஆழமான மூன்றே கால் அடியைவிட ஆழமாகப் போக வேண்டாம், மண் சரியில்லை என்று தோன்றினால் நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். திறந்த வெளியைக் கடக்கிற இடத்தில் நடையின் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பாமல் திறந்தே விடுங்கள், கூரை மட்டும் போதும். அந்தக் கூரையைப் புதுக் கட்டடத்திலிருந்து நீட்டிக்கொண்டு வாருங்கள், பழைய சுவரில் செருகாதீர்கள். ஒரு இன்ச் இடைவெளி விட்டு நிறுத்தி, பழைய சுவரில் ஒரு காடி வெட்டி அதில் தகடு செருகி இடைவெளிக்கு மேலே மடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஜன்னலோரம் அம்மா வீட்டு விரிசல் உங்களுக்கு வராது, ஏனென்றால் கிழிவதற்கு அங்கே ஒட்டிப் பூசிய பூச்சே இருக்காது.

வரிசை இப்படி. முதலில் அனுமதி, அது கையில் வரும் வரை ஒரு கல்கூட இறக்காதீர்கள். அப்புறம் சேம்பரை மாற்றுகிற வேலை, ஏனென்றால் அது ஓரிரு நாள் கழிப்பறையை நிறுத்திவிடும், ஆட்கள் கூட்டமாக வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டால் நல்லது. பிறகு பின்னால் புதுச் சமையலறை முழுவதும், குழாய், மின் இணைப்பு, மேடை, கதவு உட்பட. அதுவரை பழைய சமையலறையில் கை வைக்க வேண்டாம், வீட்டில் அடுப்பு நிற்கக் கூடாது. புதியதில் சமைக்க ஆரம்பித்த பிறகுதான் பழைய மேடையை இடித்துத் தடுப்புச் சுவர் வைப்பது. அந்தத் தூசி பத்து நாள் இருக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்தவர் வீட்டில் இருக்கிறார், ஹால் பக்கம் வழியில் கனமான தார்ப்பாயை மேலிருந்து தரை வரை கட்டி, ஆட்களும் இடிபாடும் பின் வழியாகவே போய்வரட்டும்.

தடுப்புச் சுவரை எடை குறைந்த பிளாக்கில் வையுங்கள், அதன் அடியில் அஸ்திவாரம் கிடையாது என்பதால் பழைய தரைமேல் எவ்வளவு குறைவாக எடை ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. மேலே தளத்தை முட்டாமல் அரை இன்ச் விட்டு மென்மையான பொருளால் அடைக்கச் சொல்லுங்கள். கூரைத் தளம் போட்டால் குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள், தண்ணீர் கட்டி வையுங்கள். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கான்கிரீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் என்று கணக்கு வைப்பார்கள், அதுவரை தளத்தைத் தாங்குகிற முட்டுக்கட்டையை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள்.

புது மின் இணைப்புகளைப் பழைய சமையலறை ஒயரில் இழுத்து ஒட்ட வேண்டாம், மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அளவுநாடா

பணம் பற்றி நான் சொல்கிறேன். மாதக் கணக்கிலோ, கேட்கும்போதெல்லாமோ கொடுக்காதீர்கள், வேலையின் கட்டத்துக்குக் கொடுங்கள். அஸ்திவாரம் தளமட்டம் வரை, சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற கான்கிரீட் பட்டை) வரை, கூரைத் தளம், பூச்சு, தரை, மேடை, கடைசியாகத் தடுப்புச் சுவரும் நடையும். ஒவ்வொரு கட்டமும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு அந்தப் பணம். கடைசித் தவணையைச் சின்னதாக வைத்துவிடாதீர்கள், சின்னச் சின்ன மிச்ச வேலைகளைச் செய்ய ஆள் திரும்பி வருவது அந்தத் தவணைக்காகத்தான். எந்தக் கம்பி, எந்த டைல்ஸ், எத்தனை மின் பாயின்ட் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மொத்தச் செலவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வைத்து, அது இருப்பதை ஒப்பந்தக்காரரிடம் சொல்லாமல் இருங்கள். பழைய மேடையை இடிக்கும்போது அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

அப்பா அறையில் இரண்டு வேலையை இதே ஆட்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கதவு திறந்தால் உள் அகலம் 3 அடி கிடைக்க வேண்டும், ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்து நடப்பவருக்கு இரண்டரை அடி போதாது. கழிப்பறையில் உட்கார்ந்து எழும் இடத்தில் பிடிக்கம்பி, அதைப் பூச்சில் மட்டும் நிற்கவிடாமல் செங்கல் வரை போல்ட் இறக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். உயரத்தைப் புத்தகம் பார்த்து வைக்காதீர்கள், அவரை உட்கார வைத்து, கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள்.

ஜன்னலோரம்

அந்த மூன்றரை அடி வெளியில் அப்பா உட்காரப் போகிறார் என்றால், நடையிலிருந்து அங்கே இறங்குகிற 6 இன்ச் படியில் ஒரு கைப்பிடியும் சேர்த்துவிடுங்கள். படிக்குப் பதில் சரிவாகவே போட முடிந்தால் இன்னும் நல்லது.

முற்றம்

சரிவாகப் போட இடம் இருக்கிறது அக்கா, இப்போதுதான் அளந்து பார்த்தேன். 6 அடி நீளத்துக்கு ஓடவிடலாம். அதையும் வரைபடத்தில் சேர்த்து நாளை அனுமதிக்குக் கொடுக்கிறோம். மேஸ்திரியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், குழியில் இறங்கிக் கல்லைப் பார்த்துவிட்டு, மாடி வேண்டாம், இதையே செய்வோம் என்றார்.